சீதோஷ்ண மாறுதல்: நம்பிக்கைக்கு இடமுண்டா?

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இரு தாலுகாக்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. ஆயினும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பாலேயே பெய்து தீர்ந்துவிடுகிறபடியால், ஐப்பசி கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே இப்பகுதிக்கு முக்கிய ஆதாரமாக இருந்து வருகிறது. விருதுநகர் ஜில்லாவில் வருஷமொன்றுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான். அம்மழை காலத்தில் பெய்து கண்மாய்கள் நிரம்பினால் நெல்லும் பருத்தியும் உண்டு; தவறினால் கிணறும் வற்றி, தென்னையும் மாவும் வாடும்.

சமீப காலத்தில் இந்த மழையின் போக்கு மாறி வருவதைக் குடியானவர்கள் கண்கூடாகக் கண்டு வருகின்றனர். 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி ஜில்லா காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. விருதுநகர் ஜில்லாவில் ஒரு வருஷம் முழுவதும் பெய்ய வேண்டிய மழைக்கு மேலாக, அவ்வூரில் ஒரே நாளில் பெய்துவிட்டது என்றால் அதன் உக்கிரம் விளங்கும். 2024-ம் வருஷமோ, உலகத்தில் கணக்கு எடுக்கத் தொடங்கிய நாள் முதலாக மிகவும் உஷ்ணமான வருஷமாகப் பதிவாயிற்று.

இவற்றைக் கேட்கும் பட்டாதாரர்கள் பலர் ஒரு நியாயமான கேள்வியை எழுப்புகின்றனர். "இம்மாறுதலை உண்டாக்கியவர்கள் பெரிய ஆலைக்காரர்களும் அயல் தேசத்தார்களும் அல்லவா? அவர்களும் சர்க்காரும் ஒன்றும் செய்யாதிருக்கையில், ஒரு குடியானவன் தன் வரப்பில் நாலு மரம் வைப்பதனால் என்ன பிரயோஜனம்?" என்பதே அக்கேள்வி. இதற்கு வெறும் ஆறுதல் வார்த்தை விடையாகாது. ஆலைகளும் அரசாங்கங்களும் உண்மையில் ஏதேனும் செய்திருக்கின்றனவா, செய்ததற்குப் பலன் இருந்ததா என்று கணக்குப் பார்த்தே விடை கூற வேண்டும்.

மாறுதலின் காரணம்

நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் கரியமிலவாயு உண்டாகி ஆகாயத்தில் சேர்கிறது. யந்திரத் தொழில்கள் பெருகுமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த இவ்வாயு இப்போது 420 பங்குக்கு மேற்பட்டுவிட்டது. இது பூமியின் மேல் போர்த்திய கம்பளி போல உஷ்ணத்தை வெளியே போக விடாமல் தடுக்கிறது. கடலும் காற்றும் சூடேறவே, காற்று முன்னிலும் அதிகமாக நீராவியை ஏந்துகிறது. ஆகையால் மழை பெய்யும்போது கொட்டுவதும், பெய்யாதபோது வறட்சி கடுமையாவதும் நேரிடுகின்றன. நீர் தேங்கிய நெல் வயல்களிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் வெளிப்படும் மீத்தேன் என்னும் வாயுவும் இவ்வுஷ்ணத்துக்குத் துணை செய்கிறது.

கரியமிலவாயு அதிகமாக உண்டாகும் இடங்களுள் நிலக்கரியால் மின்சாரம் உற்பத்தி செய்யும் நிலையங்கள் முதன்மையானவை. ஆகவே மின்சார உற்பத்தியில் என்ன நடந்தது என்பதே முதலில் ஆராயத்தக்கது. அதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நூற்பாலைகளும் காற்றாடிகளும்

இராஜபாளையம் நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்ற நகரம். 1936-ம் வருஷத்தில் ஸ்ரீ பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா அவர்கள் இங்கு நூற்பாலை ஸ்தாபித்தது முதல், கரிசல் நிலத்துப் பருத்தியும் ஆலையின் கதிரும் ஒன்றையொன்று ஆதரித்து வளர்ந்தன. கதிர்கள் இரவு பகலாகச் சுற்ற வேண்டுமாதலால், பஞ்சுக்கு அடுத்தபடியாக ஆலைகளுக்கு ஏற்படும் பெருஞ்செலவுகளில் மின்சாரமும் ஒன்று. மின்சாரம் தடைப்பட்டால் நூல் அறும். வேலையாட்களுக்குக் கூலியும் அறும்.

தென் ஜில்லாக்களில் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் மேல்காற்றின் வேகம் யாவரும் அறிந்ததே. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கு கணவாய்களின் வழியாக இக்காற்று நெருக்கிப் பாய்கிறது. நெடுங்காலமாகக் களத்தில் பொலி தூற்றுவதற்கன்றி இக்காற்றால் வேறு பயன் கொள்வாரில்லை. 1986-ம் வருஷத்தில் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள முள்ளக்காட்டில் சர்க்கார் முயற்சியால் காற்றாலைகள் பரீட்சார்த்தமாக நிறுத்தப்பெற்றன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட் சக்தியுடையது. இன்றைய கணக்கில் மிகச் சிறியது. அக்காலத்தில் அதனை வேடிக்கையாகக் கருதியவர்கள் பலர்.

பரீட்சையின் பயனாகக் காற்றின் அளவு தெரியவந்தது. அதன்பின் சர்க்கார் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தனர். முதலாவது, காற்றாலை நிறுவும் கம்பெனிகள் அதன் முழு விலையையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாகக் கழித்து, அதற்குரிய அளவு வருமானவரியைக் குறைத்துக்கொள்ள 1990-களில் அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது, ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் காற்றாலை வைத்தவர், அங்கு உற்பத்தியாகும் மின்சாரத்தைப் பொதுக் கம்பியில் சேர்த்துவிட்டு, இராஜபாளையத்திலோ கோயம்புத்தூரிலோ உள்ள தம் ஆலையில் அதே அளவு மின்சாரத்தைக் குறித்த கட்டணம் செலுத்தி எடுத்துக்கொள்ளலாம் என்று விதி ஏற்பட்டது. காற்றுக் காலத்தில் மிஞ்சுவதைக் கணக்கில் நிறுத்திப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. அறுவடைக் காலத்தில் பொதுக் களஞ்சியத்தில் நெல்லை அளந்து போட்டுவிட்டு, வேண்டும்போது சிறிது கூலி கழித்து அளந்து பெறுவதற்கு இது ஒப்பாகும்.

இவ்விரு விதிகளும் ஏற்பட்டபின் ஆலை முதலாளிகள் பேனாவும் கையுமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தனர். இலாபம் தெரிந்தது. இராஜபாளையத்து ராம்கோ தொகுதியைச் சேர்ந்த ஸ்தாபனங்களும், தமிழ்நாட்டின் வேறு பல நூற்பாலைகளும் தமக்கெனக் காற்றாலைகளை நிறுவிக்கொண்டன. 2008-ம் வருஷத்துக்குப் பின் சில வருஷங்கள் தமிழ்நாட்டில் கடுமையான மின்வெட்டு ஏற்பட்டபோது, சொந்தக் காற்றாலை எவ்வளவு பெரிய துணை என்பதை ஆலைகள் அனுபவத்தில் அறிந்தன. இன்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்த சக்தி 11,000 மெகாவாட்டுக்கு மேற்பட்டது. தற்காலத்துக் காற்றாலை ஒன்று 3 மெகாவாட்டும் தரக்கூடும். அதாவது 1986-ம் வருஷத்துக் காற்றாலைகள் ஐம்பதுக்கு மேல் சேர்ந்து செய்த வேலையை அது ஒன்றே செய்துவிடும்.

இவ்வரலாறு தடையின்றி நடந்ததென்று எண்ணிவிடலாகாது. காற்று நன்றாக வீசியும், மின்சாரத்தைக் கொண்டுசெல்லப் போதிய கம்பி இல்லாமையால் காற்றாலைகளை நிறுத்தி வைத்த காலமுண்டு. மின்சாரத்தை விற்றவர்களுக்குப் பணம் பட்டுவாடாவாவதில் பல மாதத் தாமதம் நேர்ந்ததுமுண்டு. வரிச் சலுகைகள் ஒரு சமயம் நிறுத்தப்பட்டுப் பின் திரும்பக் கொடுக்கப்பட்டன. இத்தனைக்கும் இடையில் காற்றாலைகளின் எண்ணிக்கை பெருகியதேயன்றிக் குறையவில்லை.

இதிலிருந்து அறியத்தக்கது

ஆலை முதலாளிகள் உலகத்தைக் காக்க வேண்டும் என்னும் தர்ம சிந்தையினால் மட்டும் காற்றாலை வைக்கவில்லை. சர்க்கார் முதலில் பரீட்சை செய்து காட்டி நஷ்ட பயத்தை நீக்கினர். பின்னர் நிலையான விதியை ஏற்படுத்தினர். அவ்விதியின்படி இலாபம் கிடைக்கும் என்று கண்டபின் முதலாளிகள் பணம் போட்டனர். தர்ம சிந்தை ஒருவருக்கு இன்றிருந்து நாளை இல்லாமற் போகலாம். கணக்கில் இலாபமென்று தெரிந்த வழியையோ யாரும் எளிதில் கைவிடார். நம்பிக்கைக்கு முக்கிய காரணம் இதுவே.

சூரிய வெளிச்சத்தால் மின்சாரம் செய்யும் தகடுகளின் விஷயமும் இத்தகையதே. பல தேசத்துச் சர்க்கார்கள் தொடக்கத்தில் விலை கொடுத்து ஆதரித்ததனால் உற்பத்தி பெருகி, பெருகப் பெருக விலை குறைந்தது. 2010 முதல் 2020 வரையிலான பத்து வருஷங்களில் பெரிய சூரிய நிலையங்களின் மின்சாரத்துக்கு ஆகும் செலவு உலகச் சராசரியில் நூற்றுக்கு 85 பங்கு குறைந்துவிட்டது. பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி வட்டாரத்தில் 2016-ம் வருஷம் 648 மெகாவாட் சூரிய நிலையம் ஏற்பட்டது. 2025-ம் வருஷம் ஜூன் மாத முடிவில் இந்தியாவில் நிறுவப்பட்டுள்ள மின் உற்பத்திச் சக்தியில் சரிபாதி நிலக்கரி, எண்ணெய், எரிவாயு இவை சேராததாக அமைந்தது. 2030-ம் வருஷத்தில் அடைய வேண்டுமென்று வகுத்த இலக்கு ஐந்து வருஷம் முன்னதாகவே கைகூடியது.

வெளிநாட்டு உதாரணங்கள்

பூமிக்கு மேல் சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் என்னும் படலம், குளிர்சாதனங்களில் உபயோகித்த சில வாயுக்களினால் கெட்டு வருவதை விஞ்ஞானிகள் கண்டறிந்தனர். 1987-ம் வருஷத்தில் மாண்ட்ரியல் நகரில் உலக தேசங்கள் கூடி அவ்வாயுக்களை ஒழிப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டன. கம்பெனிகள் மாற்று வாயுக்களைக் கண்டுபிடித்தன. அவ்வாயுக்களில் ஏறக்குறைய முழுவதும் இன்று உபயோகத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. படலமும் மெல்ல ஆறி வருகிறது. எல்லாத் தேசங்களும் சேர்ந்து ஆகாயத்தின் கேட்டைத் திருத்த முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

1882-ம் வருஷத்தில் லண்டன் நகரில் நிலக்கரியால் பொது மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிய இங்கிலாந்து தேசம், 2024-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை மூடிவிட்டது. நிலக்கரி யுகத்தைத் தொடங்கிய தேசமே அதை முடித்தும் வைத்தது கவனிக்கத்தக்கது.

இன்னும் உள்ள குறை

நல்ல செய்திகளை மட்டும் கூறி நிறுத்துவது முறையன்று. நிறுவப்பட்ட சக்தியில் பாதி நிலக்கரி முதலியன அல்லாததாயினும், காற்று எந்நாளும் வீசுவதில்லை; சூரியன் இரவில் இல்லை. ஆகையால் 2024-ம் வருஷத்தில் இந்தியாவில் உற்பத்தியான மின்சாரத்தில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் கொடுக்கும் மின்கலங்களும், நீரை மேலே ஏற்றி வைத்துப் பின் இறக்கும் நிலையங்களும் பெருக வேண்டும். சிமிட்டித் தொழிலில் சுண்ணாம்புக் கல்லைச் சுடும்போது கல்லிலிருந்தே கரியமிலவாயு வெளிவருகிறது. சாம்பல் கலந்து ஓரளவு குறைக்கலாமேயன்றி முற்றிலும் நீக்குவதற்கு மலிவான வழி இன்னும் ஏற்படவில்லை.

2015-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கைக்கு முன், இந்நூற்றாண்டின் முடிவில் உலகின் உஷ்ணம் 3 முதல் 3.5 டிகிரி வரை உயரும் என்று மதிப்பிட்டனர். இப்போது நடைமுறையிலுள்ள ஏற்பாடுகளின்படி 2.8 டிகிரி என்றும், தேசங்கள் கொடுத்துள்ள வாக்குறுதிகள் முழுவதும் நிறைவேறினால் 2.3 முதல் 2.5 டிகிரி வரை என்றும் 2025-ம் வருஷத்தில் ஐக்கிய நாட்டுச் சபையார் மதிப்பிட்டுள்ளனர். அபாயம் நீங்கவில்லை, குறைந்திருக்கிறது. மேலும் குறைக்க முடியும் என்பதும் தெரிகிறது. கண்மாய்க் கரையில் உடைப்பு ஏற்படும்போது பாதி அடைத்தபின் மண்வெட்டியைக் கீழே போடுபவர் எவருமில்லை.

இவ்வட்டாரத்தில் சர்க்கார் ஏற்பாடுகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாக 1988-ம் வருஷத்தில் ஏற்படுத்தப்பெற்றது. 2021-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அதனையும் மேகமலையையும் சேர்த்து, 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பை ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமாக அறிவித்தனர். இதைப் புலிக்காகச் செய்ததாக மட்டும் குடியானவர்கள் எண்ணலாகாது. மரம் நிறைந்த மலை மழைநீரைப் பஞ்சு போல் உறிஞ்சி ஓடைகளில் மெல்ல விடுகிறது. மொட்டை மலை ஒரே நாளில் வெள்ளமாக விட்டுவிடுகிறது. அடிவாரத்துக் கண்மாய்களுக்கும் கிணறுகளுக்கும் அக்காடே மேல்மடை.

2022-ம் வருஷத்தில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தில் காடும் மரமும் உள்ள பரப்பை நூற்றுக்கு 23.7 பங்கிலிருந்து 33 பங்காக உயர்த்துவதை நோக்கமாகக் கொண்டது. காட்டு இலாகாவின் நிலம் மட்டும் இதற்குப் போதாது. பட்டா நிலங்களிலும் மரம் வளர வேண்டும். விருதுநகர் உள்ளிட்ட நான்கு ஜில்லாக்களில் கரியமிலவாயுவைக் குறைப்பதற்கான திட்டங்களும் வகுக்கப்பட்டுள்ளன. திட்டம் காகிதத்தில் இருக்கும்வரை விதைப்பெட்டியில் இருக்கும் விதைக்குச் சமம். அது முளைப்பதும் முளையாததும், நிலத்தை வைத்திருப்பவர்களையும் கிராமத்து உத்தியோகஸ்தர்களையும் பெரிதும் பொறுத்தது.

பட்டாதாரர்கள் செய்யத்தக்கவை

ஆலை முதலாளிகள் செய்தது போலவே பட்டாதாரர்களும் ஒவ்வொரு முறையையும் இலாப நஷ்டக் கணக்குப் பார்த்தே கைக்கொள்ளலாம்.

நெல் வயலில் எப்போதும் நீரைத் தேக்கி வைப்பது அவசியமன்று. ஓர் அடி நீளமுள்ள குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு, அப்பாதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் பதித்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். நட்ட இரண்டு வாரத்துக்குப் பின், குழாயினுள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த நீர் பாய்ச்சினால் போதும். அப்போது 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் நீர் குறையலாகாது. இம்முறையால் நீரில் நூற்றுக்கு 30 பங்கு வரை மிச்சமாகும், மகசூல் குறைவதில்லை, மீத்தேன் வாயுவும் ஏறக்குறையப் பாதியாகும். கிணற்றுப் பாசனமுள்ளவர்களுக்கு இது மிக ஏற்றது. முறை வைத்துத் திறக்கும் கண்மாய்ப் பாசனத்தில், அடுத்த நீர் நிச்சயமாகக் கிடைக்கும் என்று தெரிந்தாலன்றி இதைக் கைக்கொள்வது உசிதமன்று.

சூரிய சக்தியால் இயங்கும் பம்புகளுக்கு 2019-ம் வருஷத்தில் தொடங்கிய திட்டத்தின் கீழ் மத்திய சர்க்கார் விலையில் நூற்றுக்கு 30 பங்கும், மாநில சர்க்கார் 30 பங்கும் மானியமாக வழங்க ஏற்பாடுண்டு. பகலில் மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் அஞ்சி நீர் பாய்ச்சப் போக வேண்டியதுமில்லை. ஆனால் செலவில்லாமல் ஓடும் பம்பு நிலத்தடி நீரை அளவின்றி இறைக்கத் தூண்டும். 1990-ம் வருஷத்திலிருந்து பாசனத்துக்கு மின்சாரம் இலவசமாகக் கிடைத்து வருவதன் பயனையும், கிணறுகள் வரவர ஆழமாகி வருவதையும் ஒருங்கே கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே சூரிய பம்பு வைப்பவர் சொட்டு நீர்ப் பாசனத்தையும் உடன் அமைத்துக்கொள்ள வேண்டும். சொட்டு நீர்ச் சாதனங்களுக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமும், ஏனையோருக்கு நூற்றுக்கு 75 பங்கும் அனுமதிக்கப்படுகின்றன. பருத்தி, தென்னை, மா ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும்.

கோடையில் கண்மாய் வண்டலை எடுத்து நிலத்தில் பரப்புவது முன்னோர் கண்ட முறை. வண்டலும் தக்கைப்பூண்டு முதலிய பசுந்தாள் உரங்களும் மண்ணின் ஈரம் காக்கும் தன்மையை வளர்ப்பதோடு, இரசாயன உரச் செலவையும் குறைக்கும். வரப்போரங்களிலும் தரிசுகளிலும் வேம்பு, புங்கு, தேக்கு, மகாகனி முதலிய மரங்களை வைப்பது பிற்காலத்துக்கு ஒரு சேமிப்பாகும். விதை தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இவ்வட்டாரத்துக்கு ஏற்ற ரகங்களை வெளியிட்டு வந்திருக்கிறது. மழை பிந்தும் வருஷங்களில் எந்த ரகத்தை எப்போது விதைக்கலாம் என்று அந்நிலையத்தாரைக் கேட்டு நடப்பது நலம்.

எவ்வளவு செய்தாலும் ஒரு வருஷம் மழை தவறக்கூடும். அதற்கு முன்யோசனையாகப் பயிர்க் காப்பீடு செய்துகொள்வது அவசியம். 2016-ம் வருஷத்தில் தொடங்கிய திட்டத்தின்படி காரிப் பருவத்து உணவுப் பயிர்களுக்கு நூற்றுக்கு 2 ரூபாயும், ரபி பருவத்து உணவுப் பயிர்களுக்கு ஒன்றரை ரூபாயும், பருத்தி போன்ற பணப் பயிர்களுக்கு 5 ரூபாய் வரையிலும் விவசாயி செலுத்தினால் போதும். மிச்சத்தைச் சர்க்கார் ஏற்கின்றனர்.

கிராம உத்தியோகஸ்தர்களின் பொறுப்பு

மேற்கூறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. காப்பீட்டுக்கு அடங்கல் நகல். மானியத்துக்குச் சிறு விவசாயி என்னும் சான்று. வண்டல் எடுக்கத் தாசில்தாரின் அனுமதி. கடைசி நாள் கடந்தபின் கிடைக்கும் அடங்கல், அறுவடைக்குப் பின் பெய்த மழைக்கு ஒப்பாகும். கிராம நிர்வாக அலுவலர்கள் பயிராய்வைக் காலத்தில் முடித்து, சாகுபடியை உள்ளபடி பதிந்து, கேட்பவர்களுக்குத் தாமதமின்றிச் சான்று வழங்குவார்களாயின், கோடிக்கணக்கில் ஒதுக்கப்பட்ட பணம் கிராமத்தை வந்தடைய அதுவே வாய்க்காலாகும். வரத்துக் கால்வாய்களிலுள்ள ஆக்கிரமிப்புகளையும் சீமைக்கருவேல மரங்களையும் ஐப்பசிக்கு முன் நீக்குவதில் ஊராட்சித் தலைவர்கள் முன்னிற்க வேண்டும். பழைய குடிமராமத்து முறை 2017-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் மீண்டும் உயிர்பெற்றபோது, பாசனதாரர்கள் கூடிச் செய்த வேலைக்குப் பல ஊர்களில் நற்பலன் கண்டதுண்டு.

முடிவுரை

"நாலு மரம் வைப்பதனால் என்ன பிரயோஜனம்?" என்று கேட்டவர்களுக்கு முள்ளக்காட்டுக் காற்றாலையே விடை. 55 கிலோவாட் காற்றாலையைக் கண்டு நகைத்தவர்கள், அது 11,000 மெகாவாட்டுக்கு வித்தாகும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். அதைப் பெருக்கியது அதிசயமொன்றுமில்லை. சர்க்கார் நிலையான விதியைக் கொடுத்தனர், முதலாளிகள் கணக்கறிந்து துணிந்தனர், வருஷந்தோறும் சிறிது சிறிதாக வேலை நடந்தது. அவ்விதிகளுக்கு ஒத்த சலுகைகள் இன்று குடியானவர்களின் வாசலிலும் வந்து நிற்கின்றன. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் களத்திலே கற்றவர்கள் அவர்கள். வருகிற ஐப்பசிக்கு முன் ஒவ்வொரு பட்டாதாரரும் தம் நிலத்துக்கு ஏற்ற முறை ஒன்றையேனும் தேர்ந்தெடுத்து, ஓர் ஏக்கரில் செய்து பார்த்து, செலவையும் வரவையும் குறித்து வைப்பாராக. நஷ்டமாயின் விட்டுவிடலாம், இலாபமாயின் அடுத்த வருஷம் அண்டை நிலத்துக்காரரும் அதைச் செய்வார்.